சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தர: பள்ளி வேலையா, சொந்த வகுப்பா?

ஓவியம் படித்துவிட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் சொல்லித்தருவேன் என்று இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உண்டு. தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஆகலாம். சொந்தமாக டிராயிங் கிளாஸ் நடத்தலாம். இல்லையென்றால் தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்து வகுப்பாசிரியராகி, மற்ற பாடங்களோடு ஓவியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டையும் நான் செய்திருக்கிறேன். இப்போது பள்ளியில் இருக்கிறேன். யார் கேட்டாலும் பள்ளிக்குத்தான் போகச் சொல்வேன்.

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக்கென்று பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்பது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குத்தான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஒரு பணியிடமே அதில் கிடையாது. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று பல பாடங்களுக்குமாகச் சேர்த்து 16,549 பகுதி நேர ஆசிரியர்களை இங்கே எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2023-ல் அறிவித்த உயர்வில்கூட அது 12,500தான் ஆனது. பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். ஆக, சின்னப் பிள்ளைகள்தான் வேண்டும் என்பவருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

தகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையிலோ கும்பகோணத்திலோ அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. படித்திருக்கலாம். அல்லது அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் எழுதி, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் முடித்திருக்கலாம். தனியார் பள்ளிகள் இரண்டையும் ஏற்றுக்கொள்கின்றன. சொந்த வகுப்புக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

வருமானம் என்று பார்த்தால், பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் சொந்த வகுப்பு முந்திவிடும். பள்ளிகளில் ஓவிய ஆசிரியருக்குப் பெரும்பாலும் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். ஆனால் மாதாமாதம் வரும். சொந்த வகுப்பில் மே மாதம் உட்கார இடம் இருக்காது, பரீட்சை நெருங்கினால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பொருட்கள் விஷயத்திலும் சொந்த வகுப்புக்கே வசதி. எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு போஸ்டர் கலரும் தண்ணீர்க் கிண்ணமும் தாராளமாகக் கொடுக்கலாம். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம் என்றால் கிரயானும் ஆயில் பாஸ்டலும்தான் கைகொடுக்கும். பெயிண்ட் எடுத்தால் கடைசிப் பத்து நிமிடம் கழுவித் துடைக்கவே போய்விடும்.

இதுவரை சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டால் சொந்த வகுப்பே மேல் என்று தோன்றும். ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: பிள்ளை வரைந்து முடித்ததும் அந்தப் படத்துக்காக வாசலில் யார் காத்திருக்கிறார்கள் என்பது.

சொந்த வகுப்பில் அம்மாவோ அப்பாவோ காத்திருக்கிறார். மாதக் கட்டணம் கொடுத்திருக்கிறார், நாலு பேருக்குக் காட்டும்படி ஒரு படத்தை எதிர்பார்ப்பது நியாயம்தான். “என்ன மிஸ், இன்னும் கிறுக்கிட்டே இருக்கா?” என்று பாசத்தோடுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி ஆசிரியரின் கையை மெல்ல மெல்ல மாற்றிவிடும். மூக்கைக் கொஞ்சம் திருத்திக் கொடுப்போம், அவுட்லைனை நாமே போட்டுக் கொடுப்போம். அப்புறம் போட்டி வரும். பரிசு வாங்கும் படம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், அதைப் பார்த்துப் பார்த்து வரையும் பயிற்சிதான் வகுப்பாகும்.

ஆனால் இந்த வயதுப் பிள்ளையின் படம் இயல்பிலேயே ‘தப்பாக’த்தான் இருக்கும். வியன்னாவில் கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கலை கற்பித்துவிட்டு, பிறகு அமெரிக்காவில் பேராசிரியரான விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்தார். சுமார் ஏழு முதல் ஒன்பது வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும். உச்சியில் வானம் ஒரு நீலப் பட்டையாக இருக்கும், நடுவில் வெறும் வெள்ளை. வீட்டுச் சுவர் இருக்கும்போதே உள்ளே பாட்டி படுத்திருப்பதும் தெரியும். எது மனதில் பெரிதோ அது தாளிலும் பெரிது. இதைத் திருத்தக் கூடாது. ஒன்பதைத் தாண்டியதும் பிள்ளைகள் தாங்களாகவே ‘நிஜம் மாதிரி இல்லையே’ என்று பார்க்கத் தொடங்குவார்கள். “எனக்கு டிராயிங் வராது” என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். அதற்கு முன்பே நாம் திருத்தத் தொடங்கினால், அந்தப் பேச்சை நாமே சீக்கிரம் வரவழைத்தது போலாகும்.

பள்ளியில் என்ன வித்தியாசம் என்றால், ஓவியப் பீரியடில் வரைந்ததை வீட்டில் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. மதிப்பெண்ணும் பெரிதாகக் கிடையாது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு இதுதான் பெரிய வசதி. ஒருமுறை இரண்டாம் வகுப்பில் ‘எங்கள் தெருவில் மழை’ என்று கொடுத்தேன். வழக்கம்போல இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னை மரம் என்று சீனரி தொடங்கியது. “உங்க தெருவுல மலை இருந்தா மட்டும் மலை போடுங்க” என்றேன். ஒரு பையன் டிரான்ஸ்ஃபார்மரை வீட்டைவிடப் பெரிதாகப் போட்டான். முந்தின இரவு அது வெடித்துத் தெருவே இருட்டாகிவிட்டதாம். “மிஸ், சத்தத்தை எந்தக் கலர்ல போடறது?” என்று கேட்டான். நான் பதில் சொல்லும் முன்பே ஆரஞ்சு பாஸ்டலை எடுத்து, அதன்மேல் கறுப்பை அழுத்தி, தாள் கிழியும்வரை தேய்த்தான். அவனை யாரும் டிராயிங் கிளாஸுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். அங்கே சேர்ப்பது பெரும்பாலும் ‘நன்றாக வரைகிறது’ என்று வீட்டில் கண்டுபிடித்த பிள்ளையைத்தான். பள்ளியில் எல்லோரும் வருவார்கள்.

பள்ளியிலும் தொல்லை உண்டு. பரீட்சை வந்தால் ஓவியப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆண்டு விழா மேடை, வாசல் போர்டு, ஆய்வுக்கு வருபவர்கள் பார்க்க சார்ட் எல்லாம் நம் தலையில்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் டிசம்பர் மாதம் முழுக்க தெர்மாகோல் வெட்டுவதிலேயே போனது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இது கொஞ்சம் மாறும் என்று நினைக்கிறேன். 2024-ல் மூன்றாம் வகுப்புக்குக் கலைக்கென்றே என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் வந்திருக்கிறது. பாடநூல் இருந்தால் பீரியடைப் பறிப்பது அவ்வளவு சுலபமில்லை.

வகுப்பாசிரியராகும் மூன்றாவது வழியில் எனக்குக் கேள்வி ஞானம்தான். என் நாத்தனார் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு வரைவது, பொம்மை செய்வது எல்லாம் பாடத்துக்குள்ளேயே வருகிறது என்கிறார். நாள் முழுக்க அதே பிள்ளைகளோடு இருப்பது எனக்குக் கிடைக்காத பெரும் பேறு. ஆனால் இரண்டு ஆண்டு பட்டயம், டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதன்பின் நியமனத் தேர்வு என்று காத்திருக்கும் பொறுமை வேண்டும். அத்தனையும் கடந்து வந்த பிறகு ஓவியத்துக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் போலிருக்கிறது.

பள்ளிக்குப் போவது என்று முடிவெடுத்தால், இன்டர்வியூவில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: ஒரு வகுப்புக்கு வாரம் எத்தனை பீரியட், பரீட்சை நேரத்திலும் அது இருக்குமா, தாளும் கலரும் பள்ளி வாங்கித் தருமா, பிள்ளை வரைந்ததை நாம் கைவைக்காமல் அப்படியே சுவரில் ஒட்ட விடுவார்களா. கடைசிக் கேள்விக்குப் பள்ளி முதல்வர் தயங்கினால் வேறு பள்ளி பாருங்கள்.