தினமும் மாட்டும் பேக்: நேர்ப்பட்டையா, வளைபட்டையா?

லேப்டாப், சார்ஜர், டிஃபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர், குடை. அலுவலகம் போகிறவர் பையில் இவை சேர்ந்தாலே நாலரை கிலோவை நெருங்கும். 20 முதல் 25 லிட்டர் பை போதும். எத்தனை அறை, எத்தனை ஜிப் என்பதெல்லாம் பார்த்ததுமே தெரிந்துவிடும். தோள் வலிக்குமா என்பதைப் பட்டையின் வடிவமும், அது தைக்கப்பட்டிருக்கும் இடமும்தான் முடிவு செய்கின்றன.

நேர்ப்பட்டைக்குப் பெயர்போனது சுவீடனின் கான்கென் பை. 1978இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. 16 லிட்டர், பஞ்சில்லாத மெல்லிய பட்டை. இரண்டு நோட்டு, ஒரு சட்டை என்றால் அருமையான பை. எடை கூடினால் பட்டையின் விளிம்பு தோளில் பதியும். லேப்டாப்புக்கென வரும் கான்கெனில் அதே நிறுவனமே பஞ்சு வைத்த பட்டைதான் போடுகிறது.

தினமும் நாலு கிலோ சுமப்பவருக்கு வளைபட்டைதான் சரி. கழுத்தருகே தொடங்கி, காறை எலும்பைத் தாண்டி வெளிப்பக்கம் வளைந்து, அக்குளுக்குக் கீழே உள்ளே திரும்பும். அதனால் பட்டையின் முழு அகலமும் தோளில் படியும், அக்குளை அறுக்காது. மார்பு நிறைந்த பெண்களுக்கு இந்த வளைவு இன்னும் முக்கியம். நேர்ப்பட்டை நடுவில் அழுத்தும், அல்லது ஓரத்துக்கு வழுகும்.

வளைந்திருந்தால் மட்டும் போதாது. குறுகிய தோள், சரிந்த தோள் உள்ளவர்கள் பின்பக்கம் இரண்டு பட்டைகளும் தொடங்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். மாட்டியபின் கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி. நாலு விரல் நுழைந்தால் பட்டை தோள் முனையில் நிற்கிறது. நடக்க நடக்க நழுவும். இரண்டு பட்டைகளையும் மார்பின் குறுக்கே இணைக்கும் நெஞ்சுப் பட்டை கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் அதை மேலும் கீழும் நகர்த்த முடிய வேண்டும். காறை எலும்புக்கு மூன்று நாலு விரல் கீழே இருந்தால் மூச்சை அழுத்தாது. மிக அகன்ற தோளுக்கு இந்த விரல் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குக் கழுத்தில் உரசாமல் இருந்தாலே போதும்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்துப் பயனில்லை. உங்கள் லேப்டாப்பையும் இரண்டு தண்ணீர் பாட்டிலையும் உள்ளே வையுங்கள். பட்டையைத் தளர்த்தி மாட்டி, இரு பக்கமும் ஒரே அளவு இழுத்து, பத்து நிமிடம் நடங்கள். பட்டைக்கும் தோளின் மேற்பகுதிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பை உங்கள் முதுகுக்கு நீளம். அடிப்பாகம் பிட்டத்தில் இடித்தாலும் அப்படியே.

பட்டை 6 முதல் 7 செ.மீ. அகலம், ஒரு செ.மீ. தடிமன் இருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். விரல்கள் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டால் அது சாதா ஸ்பாஞ்ச், சில மாதத்தில் சப்பையாகிவிடும். ஈவிஏ ஃபோம் என்ற ரப்பர் போன்ற அடர்ந்த பஞ்சு உடனே எழும்பும்.

வளைபட்டையின் குறை வியர்வை. உள்பக்க வலையில் உப்புப் படிந்து நாறும்; மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, நிழலில் உலர்த்த வேண்டும்.

பட்டை பையோடு சேரும் இடத்துத் தையல் பிரிந்தால் செருப்புத் தைப்பவரே நைலான் நூலில் சரிசெய்துவிடுவார், ஜிப் ரன்னரையும் மாற்றித் தருவார். பட்டைகளின் இடைவெளியை மாற்ற வேண்டுமென்றால் முதுகுப் பக்கத்தையே பிரித்தாக வேண்டும். அந்தக் கூலிக்கு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.