மதுரையிலிருந்து குமரிக்கு: கோடை விடுமுறைக்கு எந்தச் சாலை?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் புறப்படும் குடும்பத்திற்கு மூன்று வழிகள் உண்டு. விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி வழியாகச் செல்லும் நாற்கரச் சாலை ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர், தென்காசி, அம்பாசமுத்திரம் என மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியே இறங்குவது இன்னொன்று. தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து திருச்செந்தூர், மணப்பாடு, உவரி எனக் கடலோரமாகச் செல்வது மூன்றாவது. மூன்றுமே பழைய பாண்டிய நாட்டின் ஊடாகச் செல்பவை என்பதால், எந்த வழியில் பார்க்கும் இடங்கள் அதிகம் என்று கணக்கிடுவதில் பெரிய பயன் இல்லை. கோடையில் வழியைத் தீர்மானிக்க வேண்டியது பகல் பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடைப்பட்ட பொழுதுதான். அக்கினி நட்சத்திர வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தியிருக்கும்; பாறைக் குன்றுகளில் கால் வைக்க முடியாது; பிள்ளைகள் பின்னிருக்கையில் சண்டை போடத் தொடங்கியிருப்பார்கள். அந்தப் பொழுதைக் கழிக்க எந்த வழி இடம் தருகிறது என்பதைக் கொண்டே மூன்றையும் எடைபோட வேண்டும்.

நாற்கரச் சாலையில் தூரம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனால் நான்கு மணி நேரத்தில் குமரியை எட்டிவிடலாம். நீண்ட நேரம் உட்கார முடியாதவர்கள், அடிக்கடி கழிப்பறை தேடுபவர்கள், நேரத்துக்கு மருந்து சாப்பிட வேண்டியவர்கள் உடன் வந்தால் இதைவிட வசதியான வழி இல்லை. ஆனால் விருதுநகர் தாண்டியதிலிருந்து திருநெல்வேலி வரை இருபுறமும் கரிசல் காடு. மே மாத நண்பகலில் அங்கே இறங்கி நிற்க நிழல் கிடைப்பது அரிது. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில் சாலையோரமாகவே நினைவிடம் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்ததை நேரில் காட்டலாம் என்றாலும், அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே செலவிட ஒன்றுமில்லை.

இந்த வழியின் உண்மையான செல்வம் சாலையில் இல்லை. கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் விலகியிருக்கும் கழுகுமலையில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் குடைவித்த வெட்டுவான் கோயிலை, மலைச்சரிவில் நின்றபடி மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். பாறையைச் சுற்றிலும் அகழ்ந்துவிட்டு, நடுவில் விட்ட ஒற்றைக் கல்லைச் சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் விரல்கள் வரை வேலை முடிந்திருக்க, அடித்தளம் உளியின் கொத்துகளோடு அப்படியே நிற்கிறது. கோயிலை எந்த வரிசையில் உருவாக்கினார்கள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைகூடத் தானாகக் கண்டுபிடித்துவிடும். முழுமை பெற்ற கோயில்கள் இந்த வாய்ப்பைத் தருவதில்லை. அருகிலேயே சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாக, கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு உள்ளன. மதுரையிலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பி, எட்டு மணிக்குள் பாறையில் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுபவர்களுக்கே இது சரிப்படும். அதன் பிறகு வரும் நீண்ட நண்பகலுக்கு இந்தச் சாலையிடம் காரின் குளிர்சாதனத்தைத் தவிர வேறு விடை இல்லை.

மேற்கு வழியைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் குற்றாலத்தை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள்; சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. குற்றாலச் சீசன் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. கேரளத்தில் மழை தொடங்கும் ஜூன் முதல் வாரத்தை ஒட்டித்தான் சாரலும் காற்றும் வரும். ஏறக்குறைய அதே வாரத்தில் பள்ளிகளும் திறந்துவிடும். மே நடுவில் போனால் பேரருவி பாறையில் கசிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். கோடைமழை பெய்தால் நிலைமை நேர்மாறாகிவிடும்: 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. மலைமேல் மேகம் கறுத்திருந்தாலோ, காவல்துறை குளிக்கத் தடை விதித்திருந்தாலோ, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

இருந்தாலும் குற்றாலத்தை மட்டும் வைத்து இந்த வழியை ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. தாமிரபரணி கோடையிலும் ஓடும் ஆறு என்பதால், பாபநாசத்துக்கு மேலேயுள்ள அகத்தியர் அருவி ஆண்டின் பெரும்பகுதி நீரோடு இருக்கிறது. வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பொருள்களைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அருவி கிடைக்காவிட்டாலும் நண்பகலை ஆற்றங்கரையில் கழிக்கலாம். காலைப் பொழுதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரமும், பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசி விசுவநாதர் கோயிலும் உண்டு. குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்களைப் பார்க்காமலே அருவியோடு திரும்பிவிடுபவர்கள்தான் அதிகம். சாப்பாட்டில் மற்ற இரண்டு வழிகளும் இதனுடன் போட்டியிட முடியாது: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் தொடங்கி, செங்கோட்டை அருகே பிரானூர் பார்டரின் பரோட்டா, கோழி வறுவல் வரை வழியெல்லாம் வேட்டைதான். குறை சாலையில் இருக்கிறது. கேரளத்துக்குச் செல்லும் லாரிகளும், புளியங்குடி, கடையநல்லூர் போன்ற ஊர்களின் கடைவீதி நெரிசலும் வேகத்தைக் குறைக்கும். இதை ஒரே நாளில் முடிக்க நினைப்பது வீண், தென்காசியிலோ அம்பாசமுத்திரத்திலோ ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும்.

கடலோர வழியைக் கோடைக்கு ஏற்றதாக யாரும் முதலில் நினைப்பதில்லை. கடற்கரை என்றாலே புழுக்கம் என்பது பொதுவான எண்ணம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நிலம் சூடேறியதும் முற்பகலிலேயே கடற்காற்று வீசத் தொடங்கிவிடுவதால், பாளையங்கோட்டை வெந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் திருச்செந்தூரில் வெப்பம் சில பாகை குறைவாகவே இருக்கும். முருகன் கோயிலில் நண்பகலில் நடை சாத்தும் வழக்கம் இல்லை. விடியற்காலை முதல் இரவு வரை தரிசனம் உண்டு என்பது பயணத் திட்டத்துக்குப் பெரிய உதவி. வைகாசி விசாகத்தை ஒட்டிய நாள்களை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். அப்போது ஊருக்குள் காரே நுழைய முடியாது.

மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை நல்ல நாற்கரச் சாலை. இடையில் வரும் எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர். அவர் 1918-க்குப் பின் சில காலம் வாழ்ந்த கடையம் மேற்கு வழியில் இருக்கிறது என்பதால், பாரதியின் பெயரால் இரு வழிகளும் சமன். தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயமும், முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும் சேர்த்துச் செய்யும் மக்ரூனும், ஊரின் இருபுறமும் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பளங்களும் உண்டு. திருச்செந்தூரிலிருந்து நெல்லைச் சாலையில் திரும்பினால் ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழிகளை அவை கிடைத்த குழியிலேயே வைத்துக் கண்ணாடி வழியாகக் காட்டும் ஏற்பாடு அங்கே இருக்கிறது.

தெற்கே உடன்குடிப் பக்கம் வந்தால் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் பனங்காடும்தான். மே மாதம் பதநீர்க் காலம். பாளையிலிருந்து சொட்டும் நீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். காலையில் இறக்கியதைச் சாலையோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள், நுங்கைச் சீவிப் போட்டுக் கேட்டால் அப்படியும் தருவார்கள். வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும் என்பதால் முற்பகலுக்குள் குடித்துவிட வேண்டும். அதற்கடுத்து மணப்பாடு: கடலுக்குள் நீண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயமும், கீழே புனித சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகையும் காற்றோட்டமான இடங்கள். இங்கே பிற்பகலைக் கழிப்பது கடினமல்ல. மணலில் நடக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் இவ்வழி சற்றுச் சிரமம் தரும். திருச்செந்தூர் தாண்டிய பிறகு தங்கும் விடுதிகளும் குறைவு.

ஆகவே மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் புறப்படுபவர்களுக்குக் கடலோர வழியையே பரிந்துரைப்பேன். கடைசி வாரத்தில் கிளம்புபவர்கள், கேரளத்தில் மழை முன்கூட்டியே தொடங்கும் அறிகுறி தெரிந்தால், மேற்கே போகலாம். நாற்கரச் சாலையைத் திரும்பி வருவதற்கு வைத்துக்கொள்வதே நல்லது. குமரியிலிருந்து விடியுமுன் கிளம்பினால் கழுகுமலையையும் அன்று காலையிலேயே பார்த்துவிடலாம்.

எந்த வழியில் போனாலும் குமரியை அடையும் கிழமையை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தக்கலை அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. மரத்தால் ஆன அந்த அரண்மனையின் குளிர்ந்த உட்கூடங்கள் நண்பகலைக் கழிக்க இந்தப் பயணம் முழுவதிலும் மிகச் சிறந்த இடம் என்பதால், ஞாயிறு மாலை குமரியில் இறங்கி செவ்வாய் காலை ஊர் திரும்பும்படி திட்டம் போட்டால் அதை இழக்க நேரிடும். விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகும் கடல் சீற்றத்தைப் பொறுத்து நிறுத்தப்படுவது உண்டு. அதற்கு ஒரு காலைப் பொழுதை முழுதாக ஒதுக்கி, மறுநாள் காலையையும் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது.