வயர்: முதலில் வாங்க வேண்டியது 'பிங்க் ஃபிளாக்' அல்ல

லண்டன் ராக் இசைக்குழுவான வயரின் ஆல்பங்களை வரிசைப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் 1977இல் வந்த 'பிங்க் ஃபிளாக்'கைத்தான் உச்சியில் வைப்பார்கள். முதலிடம் அடுத்த ஆண்டு வந்த 'சேர்ஸ் மிஸ்ஸிங்'குக்கே சேர வேண்டும்.

'சேர்ஸ் மிஸ்ஸிங்' என்பது பிரிட்டிஷ் பேச்சுவழக்கு. நம் ஊரில் 'மரை கழன்றவன்' என்போமே, ஏறக்குறைய அதுதான். முதல் பாட்டு 'ப்ராக்டிஸ் மேக்ஸ் பெர்ஃபெக்ட்'டிலேயே அந்தக் கலக்கம் தொடங்கிவிடுகிறது. தயாரிப்பாளர் மைக் தோர்ன் இந்த ஆல்பத்தில் கீபோர்டும் வாசிக்கிறார். முதல் ஆல்பத்தைவிட வேகம் குறைந்தும் பாட்டுகள் சதை போடவில்லை. 'அவுட்டோர் மைனர்' ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை இலையில் வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே புழு தின்றுகொண்டே போன தடம் அது. அப்படிப்பட்ட புழுவைப் பற்றிய பாட்டு, இவர்கள் போட்டதிலேயே இனிமையான மெட்டில் இருக்கிறது. ஆல்பத்தில் ஒன்றே முக்கால் நிமிடம்தான். தனிப்பாட்டாக வெளியிட்ட சிங்கிளுக்காக நடுவில் பியானோ சேர்த்து மூன்று நிமிடத்துக்குப் பக்கமாக நீட்டினார்கள். குட்டையானதை முதலில் கேளுங்கள். சட்டென்று முடிவதில்தான் அதன் அழகு.

இரண்டாமிடம் 'பிங்க் ஃபிளாக்': 21 பாட்டு, 35 நிமிடச் சொச்சம். 'ஃபீல்டு டே ஃபார் தி சண்டேஸ்' 28 விநாடிதான். வரிகள் தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது. இடத்தை நிரப்ப கிட்டார் சோலோவோ மூன்றாம் முறை பல்லவியோ கிடையாது. ஷஃபிளில் போட்டு வரிசையைக் கலைத்தால் கெட்டுவிடும். பழைய சிடி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: சில பதிப்புகளில் கடைசிப் பாட்டான '12எக்ஸ்யூ'வுக்குப் பிறகு கூடுதல் பாட்டுகளை ஒட்டியிருப்பார்கள். அறைந்து சாத்திய கதவைத் திரும்பத் திறந்த மாதிரி இருக்கும். ஒலியைச் சீரமைத்து வெளியிட்ட 2006 ரீமாஸ்டரில் அவற்றை நீக்கிவிட்டார்கள். அதையே தேடி வாங்குங்கள்.

மூன்றாவது '154' (1979). அதுவரை நடத்திய கச்சேரிகளின் எண்ணிக்கையே தலைப்பு. 'தி 15த்' மாசற்ற பாட்டு. ஆனால் ஏழு நிமிடத்தை நெருங்கும் 'எ டச்சிங் டிஸ்ப்ளே' இழுவை. பாடகர் காலின் நியூமனின் மெட்டுகளும் பேஸ் கிட்டார் வாசிக்கும் கிரஹாம் லூயிஸின் கனத்த குரலும் இங்கே தனித்தனி வழியில் போகத் தொடங்குகின்றன.

நான்காவதாக 'எ பெல் இஸ் எ கப்' (1988). 'கிட்னி பிங்கோஸ்' ஒன்றுக்காகவே வாங்கலாம். ஐந்தாவது 'செண்ட்' (2003): கிட்டாரைக் கணினியில் வெட்டி ஒட்டி இறுக்கிய இரைச்சல், ஹெட்போனில் முழுதாகக் கேட்டால் காது களைத்துவிடும், ஸ்பீக்கரே நல்லது. 1979-80 கச்சேரிகளில் அரைகுறையாக விட்ட பாட்டுகளிலிருந்து உருவான 'சேஞ்ச் பிகம்ஸ் அஸ்' (2013) ஆறாவது. 'தி ஐடியல் காப்பி' (1987) அதற்குப் பின்னால்தான். பாட்டுகள் நன்று, ஒலியில் எண்பதுகளின் நெடி.

கடைசி இடம் 'மேன்ஸ்கேப்' (1990). தாளம் முழுக்க இயந்திரத்தின் கைக்குப் போனதால் பாட்டுகளுக்கு மூச்சே இல்லை. ராபர்ட் கிரேயின் சிக்கனமான டிரம்ஸ்தான் இந்தக் குழுவின் முதுகெலும்பு. தனக்கு வேலையில்லை என்று அவர் விலகினார். மிஞ்சிய மூவரும் ஆங்கிலப் பெயரின் கடைசி எழுத்தை உதிர்த்து, 'விர்' என்ற பெயரில் 1991இல் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார்கள்.