"அசெம்பிளியாத்தான் சார் வரும்"

அலுவலக நண்பர் நேற்று ஒரு எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஆல்டர்னேட்டர் மாத்த 19,000 கேக்கறாங்க, குடுக்கலாமாங்க?" என்றார். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற பாகம்தான் ஆல்டர்னேட்டர். இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

என்னுடையது பதினோரு வருட டீசல் ஹாட்ச்பேக். 2024-ல் ஒருநாள் காலையில் ஸ்டார்ட் ஆக முக்கியது. பேட்டரி கடைக்காரர் எதையும் அளந்து பார்க்கவில்லை. "பேட்டரி போச்சுங்க" என்றார். 5,400 ரூபாய். ஒன்பதாம் நாள் இரவு பொள்ளாச்சியிலிருந்து கோவை திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டியதும் மீட்டரில் சிவப்பாக பேட்டரி விளக்கு. ஏசியை நிறுத்தினேன், பாட்டை நிறுத்தினேன். ஹெட்லைட்டை நிறுத்த முடியுமா? இரண்டு பல்பும் சேர்ந்து 110 வாட் தின்னும். சார்ஜ் உள்ளே வராமல் செலவு மட்டும் நடந்தால் புது பேட்டரியாக இருந்து என்ன பயன்? வெளிச்சம் மஞ்சளாகி, மங்கி, ஈச்சனாரி பக்கம் வண்டி நின்றேவிட்டது.

சர்வீஸ் சென்டரில் ஆல்டர்னேட்டர் போய்விட்டது, பாகம் மட்டும் 18,600, கூலி தனி என்றார்கள். "உள்ளே எது போயிருக்கு?" என்று கேட்டேன். "அதெல்லாம் பிரிக்க மாட்டோம், அசெம்பிளியாத்தான் சார் வரும்."

முழுசாகத்தான் மாற்றுவோம் என்கிற இந்த ஒரு வாக்கியம்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஆல்டர்னேட்டருக்குள் செம்புச் சுற்று, டயோடு தட்டு, ரெகுலேட்டர், சுழலும் பாகத்துக்குக் கரண்டு கடத்தும் இரண்டு கார்பன் பிரஷ், இரண்டு பேரிங். செம்புச் சுற்று லேசில் போகாது. தேய்வதற்கென்றே இருப்பவை பிரஷும் பேரிங்கும்தான். பலப்பம் தேய்ந்துபோனதற்குச் சிலேட்டையே மாற்றச் சொல்வதா? சரி, அவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்: உள்ளே ஒரு பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு முழுசுக்கும் வாரண்டி எழுதித் தர அவர்கள் தயங்குவார்கள். நாளைக்கு நடுரோட்டில் நின்றால் நானேதான் போய் அங்கே கத்துவேன்.

அப்புறம் உக்கடம் பக்கம் ஒரு எலெக்ட்ரீஷியன் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, பழைய தினத்தாளை விரித்து அதன்மேல் பிரித்துப் போட்டார். பிரஷ் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புதிது விரல்நகம் நீளம் இருக்கும். இது உளுந்து அளவு. "இது ஸ்லிப் ரிங்கைத் தொட்டாத்தானே தம்பி கரண்டு வரும்?" என்றார். ஸ்லிப் ரிங் என்பது பிரஷ் உரசும் சுழல் வளையம்; அதை உப்புத்தாளால் தேய்த்தார். பிரஷோடு சேர்ந்த ரெகுலேட்டர் 1,100, பேரிங் இரண்டும் 600, கூலி 700. ஆக 2,400.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் காட்டியது. ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுப் பார்த்தோம், 13.9. அன்றே 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். வண்டியை நிறுத்தியிருக்கும்போது 12.6, ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். இந்த இரண்டு எண்ணும் முன்பே தெரிந்திருந்தால் அந்த 5,400 மிச்சம்.

இருபது மாதம், 23,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. ஒரு நாள்கூட நிற்கவில்லை. உளுந்து பிரஷ் இன்னும் சில்லறை போடும் குழியில் கிடக்கிறது. யார் ஏறினாலும் எடுத்துக் காட்டுவேன், மனைவிக்குச் சலித்துவிட்டது.

போன வாரம் பெல்ட் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு ஊளை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே சுருதி ஏறுகிறது. பெரியவருக்கு போன் செய்தேன். "பேரிங்தானுங்க, கொஞ்சம் நல்லதா போட்டிருக்கலாம். கொண்டாங்க" என்றார், கூச்சமே இல்லாமல். 600 ரூபாயில் இரண்டு பேரிங் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நண்பர் மாதம் இரண்டு முறை வயதான அம்மாவோடு இரவில் திண்டுக்கல் போகிறவர். என் எஸ்டிமேட் காலத்தில் உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18. வரி குறைந்த பிறகும் அவருக்கு 19,000! பல்லைக் கடித்துக்கொண்டு, "புதுசே போட்டுருங்க" என்று அனுப்பினேன்.

"நீங்க என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார்.

சனிக்கிழமை உக்கடம் போகிறேன்.