தேசியப் பூங்காவில் தங்க வாடகை ஆர்வி: கட்டுப்படியாகுமா?

அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் லாட்ஜ்களில் கோடையில் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு அறை வேண்டும். அங்கேதான் வாடகை ஆர்வி, அதாவது படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி, கைகொடுக்கிறது. ஆனால் அதைத் தங்கும் வீடாக நினைத்து எடுத்தால்தான் லாபம். ஊர் சுற்றும் வண்டியாக்கினால் கையைக் கடித்துவிடும்.

விளம்பரத்தில் தெரிவது நாள் வாடகை மட்டும். மைல் கட்டணம், ஜெனரேட்டர் ஓடும் மணிக்கணக்கு, காப்பீடு, படுக்கை, பாத்திரம் எல்லாம் அதன்மேல் ஏறும். குரூஸ் அமெரிக்கா என்ற வாடகை நிறுவனம் மைலைத் தனியாகக் கணக்கிடுகிறது. அவுட்டோர்சி, ஆர்விஷேர் தளங்களில் வண்டி விடும் உரிமையாளர்கள் பலர் நாளொன்றுக்குக் குறிப்பிட்ட மைல்களை இலவசமாகத் தருகிறார்கள். சொந்தக் காரின் காப்பீடும் கிரெடிட் கார்டு காப்பீடும் பெரும்பாலும் ஆர்விக்குச் செல்லாது, முன்பே கேட்டுவிடுங்கள். பெட்ரோல்தான் அடுத்த அடி. 25 அடி கிளாஸ் சி வண்டி (வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய நடுத்தர ஆர்வி) கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் தரும். 600 மைல் ஓட்டினால் ஏறத்தாழ 67 கேலன். கேலன் 4 டாலர் என்று வைத்தால் 268 டாலர்.

ஆகவே ஷட்டில் பஸ் ஓடும் பூங்காவைத் தேர்ந்தெடுத்து, வண்டியை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். கிராண்ட் கேன்யன் தென் விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்ற ஆர்வி முகாம் மிகச் சிறந்த தேர்வு: மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உண்டு, ஷட்டில் இலவசம். சயான் பூங்காவின் வாட்ச்மேன் முகாமில் மின் இணைப்பு மட்டும். யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முகாமில் எந்த இணைப்பும் இல்லை, 35 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமும் இல்லை.

பாதைகளையும் பாருங்கள். கிளேசியர் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் அனுமதி கிடையாது. சயானின் மவுண்ட் கார்மல் சுரங்கத்துக்கு 11 அடி 4 அங்குல உயரம், 7 அடி 10 அங்குல அகலம்தான் எல்லை. பெரும்பாலான கிளாஸ் சி வண்டிகள் இதைத் தாண்டிவிடும். சுரங்கம் இருக்கும் கிழக்கு வாசல் பாதையை மறந்துவிட்டு, தெற்கு வாசலருகே உள்ள ஸ்பிரிங்டேல் ஊர் வழியாகவே வாருங்கள்.

புதிதாக எடுப்பவர்கள் அதிகம் திணறுவது கழிவு டேங்கில்தான். கழிப்பறைக்கு பிளாக் டேங்க், சமையல் மேடைக்கும் குளியலுக்கும் கிரே டேங்க். கழிவுநீர் இணைப்பு இருந்தாலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் குவிந்து இறுகிவிடும். பிறகு அதைக் கரைப்பது பெரும்பாடு. முதலில் கொஞ்சம் தண்ணீரும் டேங்க் மருந்தும் ஊற்றுங்கள், முக்கால்வாசி நிறைந்தபின் திறங்கள். பிளாக் முதலில், கிரே பிறகு: சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். எளிதில் கரையும் ஆர்வி காகிதத்தையே பயன்படுத்துங்கள். உள்ளே காகிதம் ஒட்டிக்கொண்டால் டேங்க் காலியானாலும் சென்சார் ‘நிரம்பியது’ என்றே காட்டும்.

30 ஆம்பியர் இணைப்பில் 3,600 வாட்தான் கிடைக்கும். ஏசி, மைக்ரோவேவ், முடி உலர்த்தி மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். இணைப்பே இல்லாத இடத்தில் ஏசிக்கு ஜெனரேட்டர்தான் வழி. கேம்ப்கிரவுண்டுகளில் அதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. ஹீட்டர் புரொப்பேனில் எரிந்தாலும் அதன் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் சுழல்கிறது. தென் விளிம்பு 7,000 அடி உயரம். அங்கே மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கினால், குளிர் இரவில் பழைய பேட்டரி விடியுமுன் தீர்ந்துவிடும். மாலையில் அனுமதி நேரம் முழுக்க ஜெனரேட்டரை ஓட்டி சார்ஜ் ஏற்றுங்கள். ஜெனரேட்டர் வண்டியின் டேங்கிலிருந்தே பெட்ரோல் எடுக்கும், கால் டேங்குக்குக் கீழே போனால் நின்றுவிடும். பூங்காவுக்குள் நுழையுமுன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பெறும்போது கூரை விளிம்பு, பின் மூலைகள், டயர்களை வீடியோ எடுங்கள். குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் பம்ப், வாட்டர் ஹீட்டர், ஸ்லைடு (வெளியே நீளும் பக்கப் பகுதி) ஆகியவற்றை அங்கேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். சமப்படுத்தும் கட்டைகளும் கழிவுக் குழாயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திருப்பித் தருவதற்கு முந்தைய நாளே டம்ப் ஸ்டேஷன் (கழிவு டேங்கைக் காலி செய்யும் இடம்) எங்கே என்று தேடிவையுங்கள். டேங்கைக் காலி செய்யாமல் கொடுத்தால் அதற்கும் கட்டணம் பிடிப்பார்கள்.