காரைக்குடி டேக்வாண்டோ பயிற்சியகம்: பயிற்சி நன்று, சான்றிதழ்களை நம்ப இயலவில்லை

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடொன்றின் முகப்பை வாடகைக்கு எடுத்து, மாலை வேளைகளில் நடத்தப்படும் டேக்வாண்டோ (கொரியத் தற்காப்புக் கலை) பயிற்சியகம் ஒன்றில் என் மகளைச் சேர்ப்பதற்காக விசாரித்தேன். சில வகுப்புகளை உடனிருந்தும் பார்த்தேன். பயிற்சியகத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

சொல்லிக் கொடுக்கும் முறையில் குறை காண இடமில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும் என்பதால் கெட்டியான மேட் விரித்திருக்கிறார்கள். உடலைச் சூடேற்றும் பயிற்சிகளை முடிக்காமல் எந்தப் பிள்ளையையும் உதைக்க விடுவதில்லை. கட்டணமும் நியாயமானதே.

சிக்கல் சுவரில் மாட்டியிருக்கும் சட்டங்களில் இருக்கிறது. மாஸ்டரின் முதல் டான் (கருப்புப் பட்டையின் முதல் படிநிலை) சான்றிதழில் 2017 என்றும், ஐந்தாம் டான் சான்றிதழில் 2021 என்றும் ஆண்டு அச்சிடப்பட்டுள்ளது. டேக்வாண்டோவின் டான் தரங்களை வழங்கும் தலைமையகம் சியோலில் 1972இல் நிறுவப்பட்ட குக்கிவோன். அதன் வழக்கமான விதிப்படி முதல் டானிலிருந்து இரண்டாவதற்கு ஓராண்டு, மூன்றாவதற்கு மேலும் இரண்டு, நான்காவதற்கு மூன்று, ஐந்தாவதற்கு நான்கு என மொத்தம் பத்தாண்டுகளாவது கடக்க வேண்டும். இங்கோ நான்கே ஆண்டுகளில் அது முடிந்திருக்கிறது. ஐந்தாம் டான் சான்றிதழில் குக்கிவோன் பெயரோ பதிவு எண்ணோ இல்லை. 'உலக' என்று தொடங்கும் ஓர் அமைப்பின் தங்க நிற முத்திரை இருக்கிறது. தலைவர் என்ற இடத்தில் கையொப்பமிட்டிருப்பவரும் அதே மாஸ்டர்தான்.

பக்கத்துச் சட்டத்தில், பதினொரு வயது மாணவர் ஒருவருக்கு வழங்கப்பட்ட 'முதல் டான்' சான்றிதழைக் கண்டேன். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குக்கிவோன் டான் தருவதில்லை, பூம் என்ற சிறார் தரத்தையே தருகிறது. என் கவலை முழுவதும் இந்தச் சிறுவனைப் போன்றவர்களைப் பற்றியதுதான். 'வேர்ல்ட் டேக்வாண்டோ' என்ற சர்வதேச அமைப்பின் போட்டிகளில் இறங்கக் குக்கிவோன் சான்றோ அந்த அமைப்பின் சான்றோ வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற கருப்புப் பட்டை அங்கே செல்லாது என்பதை அந்தப் பிள்ளை போட்டி வாசலில் தெரிந்துகொள்ள நேர்வது பெருங்கொடுமை.

பெயர்ப் பலகையில் 'டாக்டர்' என்றும் 'அரசுப் பதிவு பெற்றது' என்றும் எழுதியிருக்கிறார்கள். பதிவு எண், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பெறப்பட்டது. அமைப்பொன்று இருக்கிறது என்பதற்கு மேல், ஆசிரியரின் திறமைக்கு அது சான்றாகாது. முனைவர் பட்டமோ, வெளிநாட்டு முகவரி கொண்ட ஒரு 'பல்கலைக்கழகம்' ஓட்டல் அரங்கில் வழங்கியது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவின்படி, நம் நாட்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், நிகர்நிலை பெற்றதும், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனமும் மட்டுமே பட்டம் வழங்கலாம். நம் ஊர் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு 1985ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் அடிப்படையாக இருப்பதுபோல், இதற்கு எந்தச் சட்டம் என்று கேட்டால் விடையில்லை. மானியக் குழு தன் இணையதளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. ஆனால் அதில் பெயர் இல்லாததால் மட்டும் ஒரு பட்டம் செல்லுபடியாகிவிடாது.

மாஸ்டரிடம் டான் பதிவு எண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மேடம், பிள்ளைக்கு நல்லாச் சொல்லித் தர்றேனா, அதைப் பாருங்க" என்றார். நன்றாகத்தான் சொல்லித் தருகிறார். அப்படிப்பட்டவருக்குச் சுவரில் இந்தச் சான்றிதழ்கள் எதற்கு என்பதே எனக்கு வருத்தம். உண்மையான எண்ணாக இருந்தால் குக்கிவோனின் இணையதளத்தில் அப்போதே சரிபார்த்திருப்பேன்.

பயிற்சிக்கு நான்கு நட்சத்திரம், நம்பகத்துக்கு ஒன்று. உடற்பயிற்சிக்காக மட்டும் அனுப்ப விரும்புவோர் தாராளமாக அனுப்பலாம். கருப்புப் பட்டைத் தேர்வுக்குப் பணம் கேட்டால், சான்றிதழ் எந்த அமைப்பின் பெயரில் வரும், பிள்ளையின் பெயர் குக்கிவோனில் பதிவாகுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ரசீதுடன் செலுத்துங்கள். எண் கிடைக்கும்வரை என் மகளை நான் சேர்க்கப் போவதில்லை.