நான்கு விடையிலிருந்து தேர்வதா, நீங்களே எழுதுவதா?

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கில மொழித் தேர்வின் 'ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ்' தாளில் வரும் கோடிட்ட இடம் நிரப்பும் பத்திகளில் இரண்டு வகையை இங்கே பார்ப்போம். முதல் பகுதியில் 8 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். இரண்டாம் பகுதியிலும் 8 இடங்கள்தான், ஆனால் விடைகள் கிடையாது. ஒரே ஒரு சொல்லை நீங்களே எழுத வேண்டும்.

முதல் வகை சொல்வளத்தைச் சோதிக்கிறது. பெரும்பாலும் நான்கு சொற்களும் ஏறக்குறைய ஒரே பொருள் தரும்; பக்கத்துச் சொல்லோடு எது சேரும் என்பதுதான் கேள்வி. 'ஹெவி ரெயின்' சரி, 'ஸ்ட்ராங் ரெயின்' ஒட்டாது. இதற்கு நிறைய வாசிப்பதும், சொற்களை ஜோடியாகக் குறித்துவைப்பதும் போதும். தெரியாவிட்டாலும் ஒன்றைக் குறித்துவிடுங்கள், தவறுக்கு மதிப்பெண் குறையாது.

இரண்டாவதுதான் பலரைத் திணறடிக்கிறது. அங்கே கேட்பது பெரும்பாலும் சின்னச் சொற்கள்: 'ஆஃப்', 'விச்', 'ஆல்தோ', 'பீன்' மாதிரி. பார்த்தால் எளிது, ஆனால் வாக்கியத்தின் கட்டமைப்பு புரியாமல் வராது. எழுத்துப் பிழை இருந்தால் விடை போச்சு. 'டோன்ட்' போன்ற சுருக்கம் இரண்டு சொல்லாகக் கணக்காகும், அதையும் எழுதக்கூடாது.

நேரம் குறைவென்றால் நான் இரண்டாவதைத்தான் முதலில் பயிற்சி செய்யச் சொல்வேன். முதல் பகுதிப் பத்தியையே எடுத்து, விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். அப்புறம் விடைகளைத் திறந்து ஒப்பிடுங்கள். ஒரே பத்தியில் இரண்டு பயிற்சியும் முடிந்துவிடும்.